ருசி பார்க்கப் போனவரின் மகள்

மகனே,

இரண்டு வாரத்துக்கு முன்னால் போனில் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். பாதியில் நிறுத்திவிட்டு, காபி வேணுமா என்று கேட்டுவிடுவேன். எழுதினால் நிறுத்த முடியாது. படித்து முடித்த பிறகு இதை உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் காட்டு. அவர்களையும் சேர்த்துத்தான் நான் ஏமாற்றியிருக்கிறேன்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டாய். பின்னால் பாகாலா, திருப்பதி என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான். குடும்பத்தில் ஒருவர் அரசு வேலையில் இருந்தால், தனியாக இருக்கும் வயதானவர்களுக்கும் ரேஷன் கார்டு இல்லை என்கிற விதியைப் பற்றி உங்கள் சங்கம் நடத்தப்போகும் பொது விசாரணைக்கு, பாதிக்கப்பட்டவர்களே அதிகாரிகள் முன்னால் பேசுகிற கூட்டத்துக்கு, என்னை வரச் சொன்னாய். பொருளாதாரம் சொல்லித் தருகிற ஒருத்தி மேடையில் உட்கார்ந்து, அந்த விதி ஏன் தவறு என்று பத்து நிமிஷம் பேசினால் அதிகாரிகள் காது கொடுப்பார்கள் என்றாய். நான் சிரித்தேன். “அரசாங்க வேலையில இருக்கிறவங்க பெத்தவங்களப் பட்டினி போடுவாங்களா? நீ கண்ணால பாத்தியா? அப்படி ஒரு மகனையோ மகளையோ காட்டு, நான் வரேன்” என்றேன்.

“அதாம்மா கஷ்டமே” என்றாய். “பெரியவங்க வரேன்னுதான் சொல்றாங்க. நாள் கிட்ட வந்தா பையனோ பொண்ணோ வண்டி எடுத்துக்கினு வந்து கூட்டிக்கினு போய்டறாங்க. ஊர்ல மானம் போவுதாம். கடைசில மேடையில நாங்க மட்டும்தான் உக்காந்துக்கினு இருக்கோம்.”

“அப்ப உங்ககிட்ட ஆதாரம் இல்ல.”

“இல்லம்மா.” பிறகு, “சரி, நீ சாப்ட்டியா?” என்று கேட்டு வைத்துவிட்டாய்.

நீ தேடிக்கொண்டிருந்த ஆள் நான்தான். பட்டினி கிடந்தவர் உன் தாத்தா. அது எனக்குத் தெரிந்து மாதங்கள் ஆகியிருந்தன. தெரிந்தேதான் உன்னைப் பார்த்து ஆளைக் காட்டு என்று சவால் விட்டேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். தாத்தாவுக்குக் கண்ணில் புரை வந்ததும், திருப்பதியில் ஆபரேஷன் செய்ததும் நினைவிருக்கும். நீதான் மூன்று வேளையும் சொட்டு மருந்து விட்டாய். அந்தச் செலவை என் மருத்துவ அட்டையில் சேர்த்துக்கொள்ள, அவர் முழுக்க முழுக்க என்னை நம்பி வாழ்கிறவர் என்று நான் எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் எழுதிக் கொடுப்பதுதான். கல்லூரியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அவருடைய ஆதார் எண் என் குடும்பத்தோடு சேர்ந்தது. கண் சரியானது. அடுத்த சில மாதங்களில் நாராயணவனத்துக்குப் பக்கத்தில் அவருடைய ஊரில், சச்சிவாலயம் என்கிற கிராம ஆபீசுக்கு அவரைக் கூப்பிட்டு, “உங்க பொண்ணு கவர்ன்மென்ட் எம்ப்ளாயி, அவங்க குடும்பத்துலதான் நீங்க இருக்கறீங்க, உங்களுக்கு இனிமே கார்டு வராது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதியோர் பென்ஷனும் அதோடு நின்றது. ஆபீசில் யாரும் தப்புச் செய்யவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை நம்பினார்கள், அவ்வளவுதான்.

எனக்குப் போன் செய்தார். “கார்டு எடுத்துட்டாங்கம்மா” என்றார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். “போனா போவுது நைனா. அந்த ஸ்டோர் அரிசிய யாரு துன்றாங்க? எல்லாரும் கோழிக்குப் போடறாங்க, இல்ல இட்லி மாவுக்கு விக்கறாங்க. நான் நல்ல அரிசி மூட்டையா கொண்டாந்து போடறேன்” என்றேன். பிறகு, “ஆமாமா, அத எவன் துன்றான்” என்றார். அந்த அரிசியைத்தான் அவர் பல வருஷமாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார் என்பதை நான் ஏன் யோசிக்கவில்லை? அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு வேறு அரிசி போட்டார். அதுதான் அங்கே தினமும் பொங்குகிற அரிசி என்று நினைத்துக்கொண்டேன்.

மூட்டை கொண்டுபோய்ப் போட்டேன். முதலில் ஒழுங்காக, பிறகு எப்போதாவது. பரீட்சை, கல்லூரி ஆய்வு, உன் அப்பாவின் வேலை மாற்றம் என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. போனில், “அரிசி இருக்குதா நைனா?” என்று கேட்பேன். “இருக்குது, இருக்குது” என்பார். ஒரு ஆளுக்கு ஒரு மூட்டை எவ்வளவு காலம் வரும் என்று கணக்குப் போடத் தெரியாதவளா நான்? போடவில்லை. அவருக்கு இருக்கிற கொஞ்ச மாமரங்களுக்கும், கார்டு போன பிறகு இரண்டு வருஷமாகக் குத்தகைக்கு ஆள் வரவில்லை என்பதும் தெரியும். காய் பறித்த கூலிக்கே விலை கட்டவில்லை என்று ஊரே பேசியது. கையில் நான் கொடுத்த பணத்தை என்ன செய்தார் தெரியுமா? நீ போகும்போதெல்லாம் தாத்தா உன் சட்டைப் பையில் திணித்து அனுப்பினாரே, அது அந்தப் பணம்தான்.

பிறகு அவர் ஒரு வேலை பிடித்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் பெரியவர்கள் யாராவது ருசி பார்க்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. வாத்தியாரிடம் போய், “நான் தினமும் வரேன், புள்ளைங்க வயித்து சமாச்சாரம்” என்று சொல்லிச் சேர்ந்துகொண்டார். என்னிடம் சொன்னபோது எனக்குப் பெருமை. ஸ்டாஃப் ரூமில் சொல்லிக் காட்டினேன். “எங்க நைனாவுக்கு எழுபத்தாறு வயசு. தினமும் ஸ்கூலுக்குப் போய் சாப்பாடு செக் பண்றாரு. சமுதாயத்தோட மேற்பார்வைன்னா இதுதான்.” ஒரு கருத்தரங்கில்கூடப் பெயர் சொல்லாமல் அதை உதாரணமாகக் காட்டினேன். கை தட்டினார்கள்.

போன தசரா விடுமுறைக்கு முந்தின நாள் புத்தூரில் எனக்குப் பரீட்சை மேற்பார்வை. மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. நைனாவிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய் வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் ருசி பார்ப்பதைப் பார்க்க ஆசை. பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உன் தாத்தா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், எல்லோருக்கும் முதுகைக் காட்டி, தட்டு நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பிடுவதை நாற்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். நிதானமாக, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் பேசி, மோருக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சாப்பிடுகிறவர். அன்றைக்கு அப்படிச் சாப்பிடவில்லை. யாரோ பிடுங்க வருவது போலச் சாப்பிட்டார்.

சமையல் செய்கிற அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு வந்தாள். “நீங்கதான் பெரியவரு பொண்ணா? காலேஜ் மேடமா? நல்ல வேளை வந்தீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ருசி பாக்கறதுன்னா ஒரு கவளம் வாய்ல போட்டுட்டு நல்லாகீதுன்னு சொல்லிட்டுப் போறது. இவரு தட்டு நெறைய ருசி பாக்கறாரு மேடம்! முட்டை போடற நாள்ல அடுப்பு மூட்டறதுக்கு முன்னாடியே வந்து குந்திக்கினு இருக்காரு. அதுவும் போதாதுன்னு சாம்பார்ல உப்பு கம்மின்னு என்னையே கேக்கறாரு. எனக்குப் புள்ளைங்க தலைய எண்ணித்தான் அரிசி அளந்து குடுக்கறாங்க. நான் எங்க போவேன்?”

“அவருக்குப் பொழுது போகல” என்றேன். “வீட்ல தனியா இருக்காரு, அதான்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பொழுது போகலியா? போன லீவுல இந்தப் பைப்பாண்ட மயக்கமா சாஞ்சுட்டாரு. நான்தான் எங்க வூட்லேர்ந்து கூழு கரைச்சு எடுத்துக்கினு வந்து குடுத்தேன். நாளைக்கு மறுபடியும் லீவு. உங்க வூட்ல ஒலை வெக்கறதில்லியா மேடம்? இட்டுக்கினு போங்க.” சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குப் பரிமாறப் போய்விட்டாள். அவளுக்கு என் மேல் கோபமோ தாத்தா மேல் இரக்கமோ இருந்ததாகத் தெரியவில்லை. அவளுடைய அரிசி போதவில்லை, அவ்வளவுதான்.

மகனே, அந்த இடத்தில் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. கோபம். என்னை ஒரு சமையற்காரி முன்னால் இப்படி நிறுத்திவிட்டாரே என்கிற கோபம். இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். அவரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தேன். உள்ளே போய்ப் பார்த்தேன். நான் கொண்டுபோட்ட கடைசி மூட்டையின் சாக்கு, நான்காக மடித்துக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அடுப்பு துடைத்து வைத்தது போல இருந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன்.

“இன்னான்னு கேக்கச் சொல்ற?” என்றார். “பொண்ணாண்ட போய் அரிசி இல்லன்னு சொல்லச் சொல்றியா? ஸ்டோர்ல வரிசைல நின்னா அது என் அரிசி. எவன் மூஞ்சியும் பாக்க வேணாம். வெரல வெச்சன்னா போடறான். உன்னாண்ட கேட்டா அது உன் அரிசி.” பிறகு, “இப்பல்லாம் ரேஷன் வண்டி தெருவுல வந்து போடும்போது நான் கதவ சாத்திக்குவேன். ஏன் உனக்கு இல்லியான்னு கேட்டா இன்னா சொல்றது? எம் பொண்ணு பெரிய உத்தியோகம், அதான் இல்லன்னா, நல்லதுன்னு சிரிக்கறாங்க. நானும் சிரிச்சிக்கினு இருந்தேன்” என்றார்.

திருப்பதிக்குக் கூட்டி வந்தேன். நீ அப்போது சித்தூரில் இருந்தாய். தாத்தா வந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். மகள் வீட்டில் தங்கிச் சாப்பிடுவது அவர் தலைமுறையின் பழக்கத்தில் இல்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் விருந்தாளி மாதிரிப் பாதியில் எழுந்துவிடுவார். பத்து நாளில் ஊருக்குப் போய்விட்டார். அதிலிருந்து மாதம் தவறாமல் நானே அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறார். வாங்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. கார்டைத் திரும்ப வாங்க வழி கேட்டேன். என் குடும்பத்திலிருந்து அவரை நீக்கினால், மறுபடி மனுப் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். நீக்கினால் மருத்துவம் போகும். இப்போது இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அரிசியா மருந்தா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு மனிதனிடம் சொல்லும் விதியை எழுதியவர் யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. சம்பளம் வாங்கும் பிள்ளை இருந்தால் பெற்றவர் வயிறு நிறைந்திருக்கும் என்று நம்பினால் போதும். நானும் அதைத்தான் நம்பினேன், நானே அந்தப் பிள்ளையாக இருந்துகொண்டு.

இருபது வருஷமாக வகுப்பில் ஒரு பாடம் நடத்துகிறேன். ஒரு திட்டம் இரண்டு விதமாகத் தவறலாம். தேவையில்லாதவனுக்குக் கொடுப்பது ஒரு தவறு. தேவைப்படுகிறவனை விட்டுவிடுவது இன்னொரு தவறு. இரண்டையும் கரும்பலகையில் ஒரே அளவு கட்டத்தில் எழுதி, இரண்டையும் சமமாகக் குறைக்க வேண்டும் என்று சொல்லித் தந்தேன். இப்போது அப்படி எழுத என் கை வரவில்லை. தேவையில்லாதவன் வாங்கினால் கொஞ்சம் அரிசி கோழிக்குப் போகும். தேவைப்படுகிறவனை விட்டால் என்ன ஆகும் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு இல்லை.

நீ எம்.ஏ. முடித்துவிட்டு இந்த வேலைக்குப் போனபோது, உறவுக்காரர்கள் முன்னால், “படிச்சு பட்டம் வாங்கிட்டு ஊரார் பட்டினிய எண்ணிக்கினு திரியறான்” என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். தாத்தாவும் அங்கேதான் இருந்தார். அவர் சிரித்தாரா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் சந்தேகப்படுகிறவளுடைய கண் எனக்கு இன்னும் இருக்கிறது, அதிலிருந்து இரண்டு சொல்கிறேன். வீட்டுக்கு வீடு போய், “நேற்று சாப்பிட்டீர்களா?” என்று கேட்டு எழுதுகிறீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊர்ப்பக்கம் எவரும், “சாப்பிடவில்லை” என்று சொல்ல மாட்டார்கள். கடைசியாக அரிசி வாங்கினது எப்போது, அதில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். பானையைத் திறந்து பார்க்காதீர்கள், சொல்வதைக் கேளுங்கள். படம் எடுப்பதையும் விட்டுவிடுங்கள். உங்கள் துண்டுப் பிரசுரத்தில் காலித் தட்டோடு ஒரு கிழவர் இருக்கிறார். அவருக்கும் எங்கேயோ ஒரு மகள் இருப்பாள், அவள் அதைப் பார்த்தால் உங்களை எதிர்ப்பாளே தவிர உங்களோடு வர மாட்டாள். நான் வந்திருக்க மாட்டேன். அரசாங்கத்திடம் கேட்பதையும் சின்னதாக, தெளிவாகக் கேளுங்கள். அறுபது வயதுக்கு மேல் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் கார்டு. பிள்ளையின் சம்பளத்தைப் பார்க்காதே. பள்ளிக்கூடத்து அடுப்பில் ஊர் முதியவர்களுக்கும் சேர்த்து உலை வை, விடுமுறையிலும் வை. அதற்கு வேண்டிய அரிசியைச் சமைக்கிற அம்மாவிடம் முதலில் கொடு. இவ்வளவு போதும். மீதியை மேடையில் யாராவது பேசிக்கொள்ளட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நைனாவிடம் போய்க் கேட்டேன். இப்படி ஒரு கூட்டம், உங்கள் பேரன்தான் நடத்துகிறான், நீங்கள் பட்டினி கிடந்ததை நான் அங்கே சொல்லட்டுமா என்று.

“யாரு பட்டினி கெடந்தது?” என்றார். “நான் ருசி பாக்கத்தான் போனேன்.”

“நைனா.”

“ஊர்ல தெரிஞ்சா உன்னத்தான் காறித் துப்புவாங்க. என்னை இன்னா சொல்லப் போறாங்க? கெழவன், பாவம்னு போய்டுவாங்க. உன் காலேஜ்ல பேச மாட்டாங்களா? இன்னும் பத்து வருசம் அங்க குப்ப கொட்டணும் நீ. எதுக்கு இந்த வேலை?” முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாள் அவர் வாயைத் திறக்காமல் இருந்தது அவருடைய மானத்துக்காக மட்டும் இல்லை. உங்கள் கூட்டத்துக்கு வராமல் போன பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். யாரைக் காப்பாற்றுகிறார்களோ அவர்கள் வாயைத் திறந்தால்தான் உண்டு.

நான் எழுந்திருக்கவில்லை. வெகு நேரம் கழித்து, “சொல்றதுன்னா உன் பேர சொல்லிக்க” என்றார். “எம் பேர சொல்லாத. நான் வரல. அவன் வேற அங்க நிப்பான், எம் மூஞ்சிய பாத்தா அழுவான்.”

அதனால் இந்தச் சனிக்கிழமை நான் வருகிறேன். கல்லூரியில் கேட்டால் சொல்லிக்கொள்கிறேன். படித்தவர்கள் வரிசையில் என்னை உட்கார வைக்காதே. நான் என்ன படித்தேன், எங்கே வேலை செய்கிறேன் என்று புகழ்ந்து அறிமுகம் செய்யாதே. புகார் சொல்ல வந்தவர்களோடு கீழே உட்காருகிறேன். மைக்கை நீ கொண்டுவந்து தராதே, வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பு. என் பெயரையும், நான் அரசு ஊழியர் என்பதையும், என் தகப்பனுக்கு நான் சோறு போடவில்லை என்பதையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் எனக்காகச் செய். அன்றைக்கும் ஏதாவது ஒரு பெரியவரைக் கூட்டிப் போக, மகனோ மகளோ வண்டியோடு வந்து வாசலில் நிற்பார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகாதே. உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி போடு. நான் பேசி முடிக்கிற வரைக்கும் உட்காரச் சொல். அதற்குப் பிறகு கூட்டிப் போவதானால் போகட்டும்.

அம்மா